அப்பாவோட பழைய ஸ்விஃப்ட்டுக்குப் புது மாடல் இன்டீரியர்... எது செட் ஆகும், எதைத் தொடவே கூடாது?

வீட்டுல 2012 மாடல் ஸ்விஃப்ட் நிக்குது. இன்ஜின் நல்லா இருக்கு, ஏ.சி குளுகுளுன்னு வருது. ஆனா கதவைத் திறந்து உள்ளே பார்த்தா மனசு சோர்ந்துடுது. டோர் பேட் துணி அழுக்கேறிக் கிடக்கு. கியர் பக்கத்து பிளாஸ்டிக் கீறல் கீறலா இருக்கு. ஸ்டீயரிங் பிசுபிசுக்குது. ஃப்ரெண்டோட புது ஸ்விஃப்ட்ல ஒரு ரவுண்டு போயிட்டு வந்த பிறகு கேட்கவே வேண்டாம். அப்போதான் இன்ஸ்டாவில் ஒரு ரீல் கண்ணில் படுது. பழைய வண்டி, புது மாடலோட டேஷ்போர்டு, தட்டையான அடிப்பக்கம் கொண்ட ஸ்டீயரிங், பீஜ் கலர் சீட். முப்பது செகண்ட்ல வேலை முடிஞ்சுடுது!

நிஜத்துல முப்பது செகண்ட்ல முடியாது. ஆனா முடியவே முடியாத வேலையும் இல்லை. புது வண்டிக்கு இ.எம்.ஐ கட்ட இப்போ வசதியில்லை, இருக்கிற வண்டியைக் கொஞ்சம் அழகாக்கலாம் என்பது நல்ல யோசனைதான். அதில் எந்தப் பாகம் வெறும் அழகு, எந்தப் பாகம் உங்க உயிரைக் காப்பாத்துறது என்று பிரிக்கத் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான். பெரும்பாலான ரீல்ஸ் இந்த இடத்தைத்தான் தாண்டிக் குதிச்சுடுது. ஸ்விஃப்ட்டையே உதாரணமா எடுத்துக்கலாம். நம்ம தெருவுல அதிகம் பார்க்கிற வண்டி, பழைய பாகங்களும் தாராளமாகக் கிடைக்கும். உங்க வண்டி ஐ10, போலோ, ஃபிகோ எதுவா இருந்தாலும் கணக்கு இதேதான்.

ஒரே பெயர், வேற வேற வண்டி

ஸ்விஃப்ட் இந்தியாவுக்கு வந்தது 2005-ல். இரண்டாவது தலைமுறை 2011 ஆகஸ்ட், மூன்றாவது 2018 பிப்ரவரி, நான்காவது 2024 மே. பெயர் ஒண்ணுதான், ஆனா ஒவ்வொரு தலைமுறையும் தனி வண்டி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான நீளத்தை மட்டும் பாருங்க. முதல் ஸ்விஃப்ட்டில் 2,390 மி.மீ, இரண்டாவதில் 2,430, மூன்றாவதில் 2,450. அடிச்சட்டமே மாறினால் கதவு மாறும். கதவு மாறினால் அதற்குள் மாட்டுகிற டோர் பேடில் கிளிப் ஓட்டை, கைப்பிடி, ஸ்பீக்கர் இடம் எல்லாமே நகர்ந்துடும். 2018 மாடலோட டோர் பேடை 2012 கதவில் மாட்டணும்னா வெட்டணும், ஒட்டணும், புது ஓட்டை போடணும். செஞ்சு முடிச்ச பிறகும் ஓரத்துல விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி நிற்கும். அந்த வழிக்கே போகாதீங்க என்பதுதான் என் கருத்து.

அப்போ 'புது மாடல் பாகம்' என்று எதைத் தேடுறது? உங்க வண்டியோட அதே தலைமுறையில், பின்னாடி வந்த வருஷத்தையும் மேல் வேரியன்ட்டையும் தேடுங்க. 2011 முதல் 2018 ஆரம்பம் வரை ஓடிய இரண்டாவது தலைமுறைக்கு நடுவில், 2014 இறுதியில் ஒரு ஃபேஸ்லிஃப்ட் வந்தது. வெளியே பம்பர் மாதிரி சில விஷயங்கள் மாறின. உள்ளே டேஷ்போர்டின் அடிப்படை அமைப்பு மாறலை. அதனால 2016 மாடல் பாகம் 2012 வண்டியில் உட்கார நல்ல வாய்ப்பு இருக்கு.

இன்னொரு உறவுக்காரரும் இருக்கார். 2012-ல் வந்த டிசையர், ஸ்விஃப்ட்டின் அதே 2,430 மி.மீ அடிச்சட்டம், அதே டேஷ்போர்டு வடிவம். ஆனா ஸ்விஃப்ட் உள்ளே கறுப்பு, டிசையர் உள்ளே கறுப்பும் பீஜும். மேல் வேரியன்ட்டில் மர டிசைன் பட்டை வேற. ஸ்விஃப்ட்டுக்கு டிசையர் டிரெஸ் போடுறது நம்ம ஊர்ல பலரும் செய்யுற வேலை. முன்கதவு, நடு கன்சோல், ஏ.சி வென்ட்டைச் சுற்றிய பட்டைகள் இதெல்லாம் நம்பிக்கையாத் தேடலாம். பின்கதவுக்கு மட்டும் கடைக்காரர் வாய் வார்த்தையை நம்பாம பார்ட் நம்பரை ஒப்பிட்டுப் பாருங்க.

சில கார்களில் ஃபேஸ்லிஃப்ட் என்ற பெயரிலேயே உள்ளே எல்லாத்தையும் மாத்திடுவாங்க. ஃபோர்டு ஈகோஸ்போர்ட் அப்படித்தான். 2017 இறுதியில் வந்த ஃபேஸ்லிஃப்ட்டில் டேஷ்போர்டு முழுசா புதுசு, நடுவில் மிதக்கிற மாதிரி டச் ஸ்கிரீன். அதை 2013 வண்டிக்குள்ள கொண்டு வரணும்னா பிளாஸ்டிக்கோடு சேர்த்து ஒயரிங்கையும் மாத்தணும். 'ஃபேஸ்லிஃப்ட்தானே, உட்காரும்' என்று பணம் கொடுத்துடாதீங்க.

பாகத்தைத் திருப்பிப் பாருங்க

எந்த பிளாஸ்டிக் பாகத்தையும் வாங்கும் முன் அதன் முதுகைப் பாருங்க. முன்பக்கம் அழகு, பின்பக்கம் தகவல்!

மாருதி பாகங்களில் பார்ட் நம்பர் பொதுவாக மூணு துண்டாக இருக்கும். முதல் 5 எழுத்து அது என்ன வகைப் பாகம் என்பதைச் சொல்லும். நடுவில் உள்ள 5, எந்த மாடலுக்கானது என்பதைச் சொல்லும். கடைசி 3, பெரும்பாலும் கலர். உங்க வண்டியில் கழற்றிய பாகத்தின் எண்ணும், கடையில் இருப்பதன் எண்ணும் முதல் இரண்டு துண்டில் ஒத்துப்போய், கடைசி மூணு எழுத்து மட்டும் மாறினா ஜாக்பாட். வடிவம் அதேதான், கலர் மட்டும் வேற என்று அர்த்தம். நடுத்துண்டு மாறியிருந்தாலும் உட்காரலாம், ஆனா கையில பழைய பாகத்தை வெச்சு, கிளிப் இடங்களை ஒவ்வொண்ணா பொருத்திப் பார்த்துட்டு வாங்குங்க. எண்ணை போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டா, புதுசாகவே வாங்கினால் என்ன விலை என்று மாருதியின் ஜெனியூன் பார்ட்ஸ் பக்கத்திலும் தேடிப் பார்க்கலாம். சின்னப் பட்டைகள், பட்டன் மூடிகளுக்கு எல்லாம் புது விலையும் பழைய விலையும் பெரிய வித்தியாசம் இல்லாம இருப்பதும் உண்டு. அதற்குப் பழசை ஏன் வாங்கணும்?

இன்னொரு குறியீடும் இருக்கும். 'பி.பி', 'ஏ.பி.எஸ்' மாதிரி ஆங்கிலப் பெரிய எழுத்துகள், இரண்டு பக்கமும் அம்புக்குறிக்கு நடுவில். அதுதான் பிளாஸ்டிக்கின் ஜாதகம். ஏ.பி.எஸ் என்றால் பெயின்ட் நல்லாப் பிடிக்கும், பசையும் ஒட்டும். பி.பி, அதாவது பாலிபுரொப்பிலீன் என்றால் மேலே எதுவும் ஒட்டாது. சாதாரண ஸ்பிரே பெயின்ட் அடிச்சா ரெண்டு மாசத்துல தோல் உரியும். அதற்கென்று தனி பிரைமர் முதலில் அடிக்கணும். உடைஞ்ச கிளிப்பை ஃபெவிக்விக் போட்டு ஒட்டி, காலையில் பார்த்தா கையோடு வருதா? அது பி.பி-யா இருக்கும்.

புதுப்பேட்டைக்குப் போறீங்களா?

சென்னைக்காரர்களுக்கு இந்த வேலை என்றாலே புதுப்பேட்டைதான். வரிசையா கடைகள், கடைக்கு முன்னால் கதவுகள், பம்பர்கள், சீட்டுகள். 'அண்ணே, 2012 ஸ்விஃப்ட்டுக்கு டோர் பேட் வேணும்' என்று கேட்டால் 'இருக்கு தம்பி, அப்படியே உட்காரும்' என்ற பதில் வரும். நீங்க டேஷ்போர்டு கேட்டாலும் அதே பதில்தான்!

அதனால கேள்வியை மாத்திக் கேளுங்க. 'எந்த வருஷம், எந்த வேரியன்ட் வண்டியிலிருந்து கழற்றினது அண்ணே?' பெட்ரோலா, டீசலா என்பது டிரிம்முக்கு முக்கியமில்லை. ஆனா கையால் சுத்துற கண்ணாடியா, பவர் விண்டோவா என்பது ரொம்ப முக்கியம். பவர் விண்டோ பேடில் சுத்துற கைப்பிடிக்கு ஓட்டை இருக்காது. நாலு கதவுக்கும் வாங்கினா ஒரே வண்டியோட நாலு பேடா என்று கேளுங்க. பீஜ் கலர் வெயிலில் வண்டிக்கு வண்டி வேற மாதிரி வெளுக்கும். கடை நிழலில் நாலும் ஒரே கலராத்தான் தெரியும். தெருவுக்கு எடுத்துட்டு வந்து வெளிச்சத்தில் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் என்று சென்னையில் தண்ணியில் மூழ்கிய கார்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். மூழ்கின வண்டிகளும் கடைசியில் பாகம் பாகமாக விற்பனைக்கு வரும். அதைக் கண்டுபிடிக்க மூக்கும் கண்ணும் போதும். சீட் ஃபோமில் மூக்கை வெச்சுப் பாருங்க, ஈரத்துணி நாத்தம் கழுவினாலும் முழுசாப் போகாது. சீட் தண்டவாளத்தில் துரு இருக்கா? டோர் பேட் பின்னால் சேறு காய்ந்த கோடு இருக்கா? ஸ்விட்ச் கனெக்டருக்குள் பித்தளைப் பின்னில் பச்சை பூத்திருக்கா? வெறும் பிளாஸ்டிக் பட்டைன்னா கழுவிப் போட்டுக்கலாம், பாதகமில்லை. ஸ்விட்ச், மோட்டார், சீட் என்றால் வேண்டாம்.

பில் கேட்டு வாங்குங்க. கையெழுத்தில் எழுதின சின்னத் தாளா இருந்தாலும் பரவாயில்லை. எங்கே வாங்கினீங்க என்று யாராவது கேட்டால் காட்டுறதுக்கு ஒரு சீட்டு வேணும்.

கழற்றும்போது

டோர் பேட், கியர் பக்கத்துப் பட்டை, பில்லர் கவர் எல்லாம் ஸ்குரூவை விடக் கிளிப்பில்தான் அதிகம் தொங்குது. ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பினா பெயின்ட் போகும், பிளாஸ்டிக் பல் விழும். பிளாஸ்டிக்கால் செய்த நெம்புகோல் செட் ஆன்லைனில் சல்லிசா கிடைக்குது, முதல் செலவு அதுவா இருக்கட்டும். கூடவே உங்க மாடலுக்கான டோர் கிளிப் ஒரு பாக்கெட் புதுசா வாங்கிடுங்க. பத்துப் பதிமூணு வருஷம் நம்ம வெயிலைத் தின்ன கிளிப்பில் நாலஞ்சு கண்டிப்பா உடையும்.

கழற்றும் ஒவ்வொரு கட்டத்துக்கும் போனில் ஒரு போட்டோ. ஸ்குரூக்களை எந்த இடத்திலிருந்து எடுத்தீங்களோ அந்த வரிசையில் ஐஸ் டிரேயின் குழிகளில் போட்டு வையுங்க. அம்மாகிட்ட திட்டு விழும், ஆனா மாலையில் மாட்டும்போது 'இது எங்கிருந்து வந்தது' என்று ஒரு ஸ்குரூ மிச்சமா நிக்காது.

டோர் பேடில் முதலில் மறைஞ்ச ஸ்குரூக்களைத் தேடுங்க. உள் கைப்பிடிக்குப் பின்னால் ஒண்ணு, கதவை இழுக்கிற பிடியின் குழிக்குள் ஒண்ணு என்று சின்ன மூடிக்குள் ஒளிஞ்சிருக்கும். அதை எடுத்த பிறகு கீழ் ஓரத்திலிருந்து கிளிப்பை ஒவ்வொண்ணா விடுவிச்சு, கடைசியில் பேடை மேல்நோக்கித் தூக்கணும். படக்குனு இழுக்காதீங்க. பின்னாடி கண்ணாடி ஸ்விட்ச் ஒயரும், கைப்பிடிக் கம்பியும் தொங்கிட்டிருக்கும்.

பேடை எடுத்ததும் கதவில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருப்பதைப் பார்ப்பீங்க. கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும். 'ஏதோ பேக்கிங் போல' என்று கிழிச்சுப் போடுறவங்க உண்டு. தயவுசெய்து வேண்டாம். மழை பெய்யும்போது கண்ணாடி வழியா கதவுக்குள்ள தண்ணி இறங்குறது இயல்பு. கதவின் அடியில் இருக்கிற ஓட்டை வழியா அது வெளியே போயிடும். அந்தத் தண்ணி வண்டிக்குள் வராமல் தடுப்பது இந்த ஷீட்தான். இதைக் கிழிச்சுட்டீங்கன்னா ஐப்பசி மழையில் கால்மிதி நனையும், பிறகு நாத்தம், பிறகு தரைத்தகட்டில் துரு. அழகுக்காக ஆரம்பிச்ச வேலை டிங்கரிங்கில் போய் முடியும்.

மாட்டும்போது பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசுற இடங்களில் துணி டேப்பைச் சின்னச் சின்ன துண்டா ஒட்டுங்க. கம்பெனியிலேயே ஒயரிங்கைச் சுத்தப் பயன்படுத்துற மெத்துன்னு இருக்கிற டேப்தான். வேற வண்டியில் பழகிய பாகம் உங்க வண்டியில் கிரீச் கிரீச்னு பாடுறதுக்கு இது பாதி மருந்து.

டேஷ்போர்டின் மேல்தளத்தை மட்டும் கறுப்பாகவே விடுங்க. டிசையரில் கூட பீஜ் கீழேதான், மேலே கறுப்பு. காரணம் ஸ்டைல் மட்டுமில்லை. வெளிர் நிறமோ பளபளப்போ மேலே இருந்தா மதிய வெயிலில் அது முன் கண்ணாடியில் பிரதிபலிச்சு, எதிரே ரோடு மங்கலாத் தெரியும். டேஷ்போர்டு மேல வெள்ளை மெத்தை விரிப்பு போட்டு ஓட்டுறவங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கூசுது.

ஸ்டீயரிங்... இங்கே நில்லுங்க

இதுவரை சொன்னது எல்லாம் தப்பாப் போனா காசு போகும், அவ்வளவுதான். இனி வருவது வேற கதை.

எல்லாரும் ஆசைப்படுற பாகம் ஸ்டீயரிங். பட்டன் வெச்ச இசட்எக்ஸ்ஐ ஸ்டீயரிங்கோ, 2018-க்குப் பிறகு வந்த தட்டை அடி ஸ்டீயரிங்கோ. இன்னைக்கு வர்ற எல்லா கார்லயும் ஏர்பேக் இருப்பதால், ஸ்டீயரிங் என்றாலே ஏர்பேக் இருக்கும் என்று நினைக்கிறோம். 2012-ல் அப்படி இல்லை. இந்தியாவில் டிரைவர் ஏர்பேக் எல்லாப் புது கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். பக்கத்து சீட்டுக்கும் கட்டாயமானது 2022 தொடக்கத்திலிருந்து. ஆக, உங்க 2012 விஎக்ஸ்ஐ-யில் ஸ்டீயரிங் நடுவில் இருப்பது வெறும் ஹாரன் பேடா இருக்கலாம்.

அதில் ஏர்பேக் உள்ள மேல் வேரியன்ட் ஸ்டீயரிங்கை மாட்டினால் என்ன ஆகும்? பார்க்க அசலா இருக்கும். நடுவில் 'எஸ்.ஆர்.எஸ் ஏர்பேக்' என்று எழுதியிருக்கும். ஆனா விபத்தில் அது திறக்காது. ஏர்பேக் என்பது ஒரு பை மட்டுமில்லை. மோதலை உணர்கிற சென்சார், முடிவெடுக்கிற கன்ட்ரோல் யூனிட், தனி ஒயரிங், சீட் பெல்ட்டைச் சட்டென்று இறுக்கும் பிரீடென்ஷனர் எல்லாம் சேர்ந்த ஏற்பாடு. கன்ட்ரோல் யூனிட் உத்தரவு கொடுத்த பிறகு சுமார் 30 மில்லிசெகண்டில் பை விரியணும், கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. உங்க வண்டியில் உத்தரவு கொடுக்க ஆளே இல்லை. ஸ்டீயரிங்குக்குள் வெடிக்கத் தயாரா இருக்கிற ஒரு ரசாயனப் பொருளை எதனோடும் இணைக்காம முகத்துக்கு நேரே வெச்சுக்கிட்டு ஓட்டுறீங்க, அவ்வளவுதான்.

இன்னும் மோசமானது அடுத்த கட்டம். மூணு வருஷம் கழிச்சு வண்டியை விக்கிறீங்க. வாங்குறவர் ஸ்டீயரிங்கில் எழுதியிருப்பதைப் பார்த்து, 'ஏர்பேக் இருக்கு' என்று நம்பி, குடும்பத்தோட ஏறி உட்காருவார். அவருக்கு யார் சொல்றது?

சரி, உங்க வண்டி இசட்எக்ஸ்ஐ, ஏற்கெனவே ஏர்பேக் இருக்கு, புது மாடல் ஸ்டீயரிங் மட்டும் மாத்தணும் என்றால்? ஸ்டீயரிங் தண்டின் பற்கள் பொருந்தினாலும், ஏர்பேக் கனெக்டரும் உள்ளே இருக்கிற இன்ஃப்ளேட்டரும் உங்க கன்ட்ரோல் யூனிட்டுக்காக வடிவமைச்சது இல்லை. ஏர்பேக் லைட் எரியலை என்பதால் மட்டும் அது சரியான நேரத்தில் திறக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. பழைய ஏர்பேக்கின் பின்கதை வேற. டகாடா என்ற ஜப்பான் நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்கள் நினைவிருக்கா? வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருஷக்கணக்கில் கிடந்து உள்ளே இருந்த ரசாயனம் கெட்டுப்போக, திறக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறவிட்டன. உலகம் முழுக்க 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கார் உலகத்தின் மிகப் பெரிய ரீகால் அதுதான். வெப்பமும் ஈரப்பதமும் சென்னைக்குப் புதுசா? ஒரு கடையின் மொட்டை மாடியில் எத்தனை கோடை காய்ந்தது என்று தெரியாத ஏர்பேக்கை வாங்காதீங்க. ஏர்பேக், பிரீடென்ஷனர், சீட் பெல்ட் மூணும் பழசா வாங்கவே கூடாத பொருட்கள்.

பட்டன் மட்டும் வேணும் என்பவர்களுக்கு: ஸ்டீயரிங்குக்குப் பின்னால் 'கிளாக் ஸ்பிரிங்' என்று சுருள் ரிப்பன் ஒயர் இருக்கு. ஸ்டீயரிங் எத்தனை சுற்று சுத்தினாலும் ஏர்பேக், ஹாரன், பட்டன் இணைப்பு அறாமல் இருப்பது அதனால்தான். பட்டன் இல்லாத வண்டியின் கிளாக் ஸ்பிரிங்கில் பட்டனுக்கான ஒயர்த் தடமே இருக்காது. அதையும் மாத்தணும். மாத்தும்போது அதைச் சரியா நடுவில் நிறுத்தி மாட்டலைன்னா, ஒரு யூ டர்னில் ரிப்பன் அறுந்து ஏர்பேக் செத்துடும். அதே வேரியன்ட், அதே தலைமுறை, சர்வீஸ் சென்டர் அல்லது ஏர்பேக் வேலை தெரிந்த ஆள் என்றால் மட்டும் செய்யுங்க. இல்லையென்றால் நல்ல லெதர் கவர் வாங்கி, நூலால் இறுக்கித் தைக்கக் கொடுங்க. பிசுபிசுப்புக்கு அது போதும்.

எந்த வேலையா இருந்தாலும், மஞ்சள் நிற கனெக்டரைப் பார்த்தா கையை எடுத்துடுங்க. ஏர்பேக் ஒயரிங்குக்குக் கார் கம்பெனிகள் வழக்கமாகக் கொடுக்கும் நிறம் அது. மல்டிமீட்டர் வெச்சு 'கரன்ட் வருதா' என்று சோதிக்கவே கூடாது, அந்தச் சின்ன மின்சாரமே பையைத் திறக்கப் போதுமானதா இருக்கலாம். ஏர்பேக் உள்ள வண்டியில் டேஷ்போர்டு பக்கம் கை வைக்கும் முன் சாவியை அணைச்சு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, வண்டியின் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருக்கணும். கன்ட்ரோல் யூனிட்டுக்குள் மின்சாரம் சேமிப்பில் இருக்கும், கழற்றின உடனே வடியாது. நான் என்றால் பத்து நிமிஷத்துக்குக் குறைய மாட்டேன்.

சீட், டேஷ்போர்டு ரெக்ஸின், மீட்டர்

அக்ஸசரீஸ் கடைகளில் இப்போ டேஷ்போர்டு முழுக்க ரெக்ஸின் ஒட்டித் தைக்கிறது ஃபேஷன். பயணி பக்கம் ஏர்பேக் இருக்கிற வண்டியில் இது ஆபத்து. அந்த மூடி எங்கே பிளந்து திறக்கணும் என்று கம்பெனி உட்பக்கமாக பலவீனமான ஒரு கோடு போட்டு வெச்சிருக்கும். பல கார்களில் வெளியிலிருந்து அது கண்ணுக்கே தெரியாது. அதன் மேல் ரெக்ஸின் ஒட்டினா, பை திறக்கத் தாமதமாகலாம், வேற திசையில் பாயலாம். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டுக்குச் சாதாரண சீட் கவர் போடுறதும் இதே ரகம்தான்.

புது வண்டியின் சீட்டையே கொண்டு வந்து வைக்கலாமா? 2024 ஸ்விஃப்ட்டில் எல்லா வேரியன்ட்டிலும் 6 ஏர்பேக். பக்கவாட்டு ஏர்பேக் முன்சீட்டின் ஓரத்துக்குள்தான் இருக்கு. அந்த சீட்டை உங்க வண்டியில் வெச்சா மறுபடியும் அதே 'உத்தரவு கொடுக்க ஆளில்லாத' கதை. வேற தலைமுறை சீட்டின் கால்கள் உங்க தரையில் உட்காரலைன்னா வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னா, வண்டியை எடுத்துக்கிட்டு கிளம்பிடுங்க. மோதும்போது உங்க மொத்த எடையையும் தாங்குறது அந்த நாலு போல்ட்தான். அதே தலைமுறையின் மேல் வேரியன்ட் சீட், அதே போல்ட் துளையில் அப்படியே உட்கார்ந்தா மட்டும் சரி. அதிலும் உங்க வண்டியின் பெல்ட் பக்கிளையே வெச்சுக்கோங்க. இல்லைன்னா இருக்கிற சீட்டுக்கே புதுத் துணி தைக்கக் கொடுங்க, ஃபோமையும் மாத்திடலாம். அப்போது துணியும் ஃபோமும் ஐ.எஸ். 15061 தரத்தில் இருக்கா என்று கேளுங்க. கார் உள்ளே போடுற பொருள் எவ்வளவு வேகமா தீப்பிடிக்கலாம் என்பதற்கான இந்தியத் தரம் அது. பத்துக் கடையில் ஒன்பதில் முழிப்பாங்க. தெரிஞ்சு பதில் சொல்ற பத்தாவது கடையில் கொடுங்க.

மீட்டர் கிளஸ்டர் மாத்துறது பார்க்க ஜாலியான வேலை. ஆனா பல வண்டிகளில் ஓடின கிலோமீட்டர் கணக்கு அந்த கிளஸ்டருக்குள்ளேதான் இருக்கு. 90,000 ஓடின வண்டியில் 35,000 காட்டுற கிளஸ்டர் வந்து உட்கார்ந்தா, உங்களுக்கு அந்த எண்ணம் இல்லைன்னாலும், விக்கும்போது அது மோசடிதான். தொடாம விட்டுடுறது நல்லது.

ஆம்பியன்ட் லைட் போடுறவங்க, ஒயரை வெட்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்துற ஆளிடம் கொடுக்காதீங்க. ஃபியூஸ் பாக்ஸிலிருந்து தனி ஃபியூஸ் வெச்சு எடுக்கச் சொல்லுங்க. கூடுதலா மாட்டின மின் சாதனங்களை இன்சூரன்ஸில் தனியாச் சொல்லிச் சேர்க்க வழி இருக்கு. ரினீவல் சமயத்தில் கேளுங்க, சொல்லாம விட்டா க்ளெய்ம் நேரத்தில் தகராறு.

போலீஸ் பிடிக்குமா?

டோர் பேட் கலர் மாத்தினதுக்கு யாரும் பிடிக்கப் போறதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி-யில் இருக்கிற விவரங்கள் கம்பெனி கொடுத்த அசல் விவரங்களிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கதவுத் துணியின் நிறம் ஆர்.சி-யில் இல்லை. ஆனா சீட் எண்ணிக்கை இருக்கு. பின்சீட்டை எடுத்துட்டு ஸ்பீக்கர் பெட்டி வைக்கிறது, சீட் எண்ணிக்கையைக் கூட்டுறது எல்லாம் சிக்கல். அனுமதியில்லாத மாற்றத்துக்கு வண்டி ஓனருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்லுது.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? கியர் பக்கத்துப் பட்டை, ஏ.சி வென்ட் ஓரங்கள், கியர் குமிழ், உள் கைப்பிடிகள் என்று சின்னதா ஒரு சனிக்கிழமை. கை எப்பவும் படுற, கண் எப்பவும் பார்க்கிற இடங்கள் இவை. இதை மாத்தினாலே வண்டி பாதி புதுசாத் தெரியும். அடுத்த வாரம் முன்கதவு ரெண்டு. பிறகு பின்கதவு. எல்லாத்தையும் ஒரே நாளில் கழற்றிப் போட்டுட்டு, திங்கட்கிழமை ஆபீஸுக்கு சீட் இல்லாத வண்டியைப் பார்த்துக்கிட்டு நிக்க வேண்டாம். ஒவ்வொரு நாள் வேலை முடிஞ்சதும் சாவியை ஆன் பண்ணிப் பாருங்க. ஏர்பேக் உள்ள வண்டியில் அந்த சிவப்பு விளக்கு சில விநாடி எரிஞ்சு அணையணும். அணையாம நின்னாலோ, எரியவே இல்லைன்னாலோ, நேரா சர்வீஸ் சென்டர்.

கழற்றின பழைய பாகங்களைக் காயலான்கடைக்குப் போடாதீங்க. துடைச்சு, கிளிப்போட, பழைய பெட்ஷீட்டில் சுத்திப் பரணில் வையுங்க. வண்டியை விக்கிற அன்னைக்கு, 'ஒரிஜினல் இல்லையா தம்பி?' என்று கேட்கிறவர் ஒருத்தராவது வருவார்.